அளவுக்கு நிற்பவள்

“மூச்ச விடு. நீ அடக்கி வெச்சா துணிக்கு எப்படித் தெரியும்?” என்றார் மாஸ்டர். வாயோரத்தில் குண்டூசிகளைக் கவ்வியிருந்ததால் பாதிப் பேச்சு பல்லுக்குள்ளேயே நின்றது.

அவள் மூச்சை விட்டாள். இடுப்பின் பக்கவாட்டில் ஜிப் பாதி தூரம் ஏறி நின்றுவிட்டது. மாஸ்டர் ஒரு தடவை இழுத்தார். அடுத்த தடவை இழுக்காமல் கையை எடுத்துக்கொண்டார்.

எதிரில் உட்கார்ந்திருந்த ஏஜென்ட் அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஆர்டர் கொடுத்த கம்பெனியின் சார்பில் சாம்பிளைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவர் அவர். அவர் சரி என்றால்தான் மற்றதை வெட்டவே தொடங்குவார்கள்.

“போன சாம்பிளும் இங்கதான் பிடிச்சுது. அரை இஞ்ச் கூட்டச் சொன்னேன். கூட்டினீங்களா?”

“கூட்டினேனே.”

“அதுக்கு முந்தினதுக்கும் கூட்டினோம் இல்ல?”

“ஆமா.”

ஏஜென்ட் அம்மா எழுந்து வந்து மாஸ்டரின் கழுத்தில் கிடந்த டேப்பைக் கேட்காமலே உருவினார். அவள் இடுப்பைச் சுற்றிப் போட்டார். பிறகு மார்பு. பிறகு தொடைக்கு மேலே. ஒவ்வொரு முறையும் டேப்பைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இது மீடியமே இல்லையே, மாஸ்டர்.”

மாஸ்டர் ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் தட்டில் போட்டார்.

“போன லாட் கடைக்குப் போச்சு. வாங்கினவங்க எல்லாம் தொளதொளன்னு இருக்குன்னு திருப்பிக் கொண்டாந்து கொட்டறாங்க. நானும் ஏன் ஏன்னு மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கேன். இவங்க ஏறியிருக்காங்க. இவங்களோட சேர்ந்து ஊர்ல இருக்கறவங்க துணி பூரா ஏறியிருக்கு.”

பக்கத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டு, சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

“இவங்கள நீங்க கடைசியா எப்போ அளந்தீங்க?”

மாஸ்டர் தட்டிலிருந்த ஊசிகளை விரலால் ஒதுக்கினார். ஏஜென்ட் அம்மா அவளைப் பார்த்துத் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“உங்களுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சுன்னு சொன்னாங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த சாம்பிளுக்குள்ள பழைய அளவுக்கு வந்துட்டா நீங்களே நில்லுங்க. இல்லன்னா வேற ஆள் பார்த்துக்கறோம். சரியா?”

“சரிங்க” என்றாள். ஜிப்பை இறக்கிவிட யாராவது வருவார்கள் என்று காத்திருந்து, பிறகு தானே இறக்கிக்கொண்டாள்.

அந்தத் துணி ஃபேக்டரியில் அவளுக்கு மீடியம் என்று பெயர். வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவள் முதலில் டெய்லராகத்தான் சேர்ந்தாள். காலர் வைப்பதில் சுத்தமான கை. சாம்பிளுக்கு நிற்கும் பெண் லீவு போட்ட ஒரு நாளில் மாஸ்டர் தையல் ஹாலுக்கு வந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய் அவளை எழுப்பினார். டேப்பை வைத்தால் தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் எல்லாம் கம்பெனி அனுப்பிய அளவு அட்டையில் போட்டிருந்தபடியே வந்தன. “உன்னைப் பெத்தவங்க இந்த அட்டையப் பார்த்துத்தான் பெத்தாங்களா?” என்று கேட்டார் அவர். லீவு போட்ட பெண் திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணுக்குப் பட்டன் பிரிவில் இடம் கொடுத்தார்கள்.

வேலை நிற்பதுதான். தைத்து வந்த சாம்பிளை மாட்டிக்கொண்டு ஒரு சிறிய மேடை மேல் நிற்க வேண்டும். மாஸ்டர் ஊசி குத்துவார், சாக்குக்கட்டியால் கோடு போடுவார். கையைத் தூக்கச் சொன்னால் தூக்க வேண்டும், ஸ்டூலில் உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும். அறையின் மூலையில் ஒரு பொம்மையும் இருந்தது. ஆனால் பொம்மை உட்காராது. அக்குளில் அறுக்கிறது என்று சொல்லாது. அவள் சொல்வாள். அவள் சொல்வதை மாஸ்டர் தாளில் மாற்றுவார். அந்தத் தாளிலிருந்து சின்ன அளவு, பெரிய அளவு எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வரைந்துகொள்வார்கள். எங்கெங்கோ யார் யாரோ போட்டுக்கொள்ளப்போகும் துணிக்கெல்லாம் தன் உடம்புதான் ஆரம்பம் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. அதை அவள் வெளியே காட்டிக்கொண்டதில்லை.

பிறகு உடம்பு சரியில்லாமல் போயிற்று. உடம்பு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஹாலில் ஓடும் மெஷின்கள் ஆளுக்கு ஓர் எழுத்தாகப் பேசின. எல்லாவற்றையும் சேர்த்தால் அவளைப் பற்றிய ஒரு வாக்கியம் வந்தது. நல்ல வாக்கியம் அல்ல. ஒரு மத்தியானம் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போய் எல்லா மெஷின்களின் நூலையும் வெட்டினாள். யாருக்கும் காயம் இல்லை. அக்கா வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மாத்திரை கொடுத்தார்கள். வாக்கியம் முதலில் மெதுவாயிற்று, பிறகு உடைந்தது, பிறகு மெஷின்கள் வெறும் மெஷின்கள் ஆயின. அந்த நிம்மதியை அவளால் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை.

திரும்பி வந்தபோது கை லேசாக நடுங்கியது. காலர் கோணிக்கொண்டு போயிற்று. “தைக்க வேண்டாம், நின்னா போதும்” என்றார் மாஸ்டர். மற்ற நேரத்தில் பட்டன்களை நிறம் பிரித்துப் போடுவாள். நிற்பது ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சிய வேலை. அதுவும் போனால் வீட்டில் உட்கார வேண்டும். வீட்டில் அக்கா பார்த்துக்கொண்டே இருப்பாள்.

மாத்திரையோடு பசியும் வந்தது. மத்தியானம் சாப்பிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே மறுபடி பசிக்கும். பக்கத்தில் இருக்கிறவள் மிச்சம் வைத்ததைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தின்றால் அடங்கும் என்று தின்றாள், அடங்கவில்லை. இளைத்துக் கிடந்தவள் தேறிவிட்டாள் என்று முதலில் எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் ரவிக்கைகள் பிரிக்கப்பட்டன. அப்புறம் பிரிக்க இடமில்லாமல் போயிற்று. மாஸ்டர் அவள்மேல் டேப் வைப்பதை நிறுத்திக்கொண்டார். அது ஒரு மரியாதை. பழைய அட்டையில் இருந்த எண்களையே எழுதிக்கொண்டார். சாம்பிள் இறுக்கினால் துணிதான் சுருங்கிவிட்டது என்றார். அவளும் அளக்கச் சொல்லவில்லை.

ஹாலில் இருந்தவர்கள் அவ்வளவு மரியாதை பார்க்கவில்லை. “மீடியம் அக்கா, பேர மாத்தி லார்ஜ்னு எழுதிடலாமா?” என்று கேட்டாள் காஜா போடுகிறவள். “எழுதேன், உனக்குத்தான் எழுத வராதே” என்று சொல்லிவிட்டு அவள் போனாள். போன பிறகு கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

ஏஜென்ட் அம்மா வந்துபோன அன்று வீட்டில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி, கோழி கொத்தற மாதிரி கொத்தற?” என்றாள் அக்கா.

“போதும்.”

“போதும்னு உன் வாயால கேட்டு எவ்வளவு காலமாச்சு!”

அத்தான் சிரித்தார். சிரித்தது தப்போ என்று உடனே தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

“அளவு மாறிடுச்சாம்க்கா. வேற ஆள் வெச்சுக்குவேன்னு சொல்றாங்க.”

“மாறினா மாறட்டும். நீ மாறாம இருக்க பாரு, எனக்கு அது போதும்.”

“உனக்குப் போதும்.”

அத்தான் நடுவில் புகுந்தார். “காலைல எழுந்து நட. எங்க முதலாளி நடந்தே வத்திப் போயிட்டாரு.”

“அவரு வத்தினது நடையால இல்ல. அவங்க வீட்டம்மா சமையலால” என்றாள் அக்கா.

அவள் நடந்தாள். காலையில் நடந்தாள், ஃபேக்டரியிலிருந்து திரும்பும்போது பஸ் ஏறாமல் நடந்தாள். அரை வயிறு சாப்பிட்டாள். டேப் ஒரு நூல்கூட இறங்கவில்லை. பசி மட்டும் ஒழுங்காக வந்தது. அப்போதுதான் அவளுக்குள் இருந்த தையல்காரி தனக்குத் தெரிந்த வழியில் யோசித்தாள். இந்தச் சதை மாத்திரை கூட்டின சதை. கூட்டினதைப் பிரித்தால் பழைய அளவு தானாக வந்துவிடும். எந்தத் துணியிலும் அப்படித்தான்.

ராத்திரி மாத்திரையை அக்காதான் கொடுப்பாள். அவள் வாயில் போட்டு நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொள்வாள், தண்ணீர் குடிப்பாள், வாய் கொப்பளிக்கப் போவாள். முதலில் பாதியைக் கடித்து விழுங்கினாள். பிறகு அந்தப் பாதியும் இல்லை.

துணி வந்துசேரத் தாமதமாகி அடுத்த சாம்பிள் தள்ளிக்கொண்டே போனது. அது தன் அதிர்ஷ்டம் என்று நினைத்தாள். பசி போய்விட்டது. குமட்டலாகக்கூட இருந்தது. அது நல்லது என்று பட்டது. குளிக்கும் முன்பு தினமும் டேப்பைச் சுற்றிப் பார்த்தாள். அது இறங்கத் தொடங்கியிருந்தது. பசியோடு தூக்கமும் போயிற்று. அதனால் என்ன, படுத்திருக்கும் நேரத்திலும் நடக்கலாமே. கால்கள் தாமாகவே எழுந்துகொண்டன. பட்டன்களை நின்றுகொண்டே பிரித்தாள். பிரித்து முடித்ததைக் கொட்டி மறுபடி பிரித்தாள். சாப்பாட்டு நேரத்தில் கட்டிடத்தைச் சுற்றி வந்தாள். ஒரு பேச்சு முடிவதற்குள் இன்னொரு பேச்சைத் தொடங்கினாள்.

“மீடியம் அக்காவுக்குச் சக்கரம் முளைச்சிருக்கு” என்றாள் காஜா போடுகிறவள். “பார்த்துப் போங்கக்கா, சுவத்துல முட்டிக்கப் போறீங்க.”

வீட்டில் அக்கா கேட்டாள். “ஏன்டி இப்படி உலாத்தற? ஒரு இடத்துல உக்காரேன். எனக்குத் தலை சுத்துது.”

“உக்காந்தா ஏறும்.”

“மாத்திரை ஒழுங்கா போடறியா?”

“நீதானே கொடுக்கற.”

அது பொய் இல்லை. அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். அடுப்பில் ஏதோ பொங்கியது, திரும்பிவிட்டாள்.

சாம்பிள் தைத்து முடியும் தறுவாயில் ஹாலைக் கடந்து போனபோது ஓவர்லாக் மெஷின் ஒன்று ஓர் எழுத்தைச் சொன்னது. அவள் நின்றாள். அது மறுபடி சொல்லவில்லை. ஓடிப்போய் முகம் கழுவிக்கொண்டாள். ஓர் எழுத்துதான். ஓர் எழுத்தால் என்ன சொல்லிவிட முடியும்? சாம்பிள் பார்க்கும் நாள் வரைக்கும் தாங்கினால் போதும். சரி என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே மாத்திரையை விழுங்கிவிடலாம். அப்படித்தான் தீர்மானித்தாள். தீர்மானித்ததைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தாள். மெஷின்கள் பேச இடம் விடக்கூடாது.

அந்த நாள் வந்தது. ஜிப் ஏறிற்று. முனகிக்கொண்டே ஏறிற்று, ஆனால் உச்சிவரை ஏறிவிட்டது. “அட!” என்றார் மாஸ்டர். இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கை தட்டினார். ஏஜென்ட் அம்மா டேப்பைப் போட்டுப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் இருக்கு. பரவாயில்ல, இந்த அளவு கூடக்குறைய இருக்கலாம். கெட்டிக்காரிதான் நீங்க. எப்படிக் குறைச்சீங்க? எனக்கும் சொல்லுங்க.”

அவள் சிரித்தாள். உதடு காய்ந்து பல்லில் ஒட்டியது.

மாஸ்டர் தோளில் முதல் ஊசியைக் குத்தினார். “அசையாத.”

“அசையலையே.”

“பாதம் ஆடுது பாரு.”

அவள் குனிந்து பார்த்தாள். ஆடிக்கொண்டிருந்தது. குனிந்ததில் தோள் ஊசி சதையில் பட்டது.

“குனியாத, நேரா பாரு. கையத் தூக்கு. இறக்கு. ஏம்மா, நில்லேன்.”

“நிக்கறேன் மாஸ்டர்.”

நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். முழங்காலுக்குக் கீழே யாரோ அவளைக் கேட்காமல் நடந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் ஊசி. முதுகில் ஊசி. ஏஜென்ட் அம்மா பின்னால் நின்று பேசினார். “இங்க சுருங்குது. இங்கயும். இதை எல்லாம் எடுத்துடுங்க, மாஸ்டர்.” எதை எடுக்கச் சொல்கிறார்? வெளியே மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுத்துகளைக் கொடுத்தன. இந்த முறை வேகமாகக் கொடுத்தன. வாக்கியம் முடியப்போகிறது என்று தெரிந்தது. முடிவதற்குள் வெளியே போய்விட வேண்டும்.

அவள் மேடையிலிருந்து இறங்கி நடந்தாள்.

சாம்பிள் அறையைத் தாண்டி, ஹாலின் நடுவழியில், செருப்பில்லாமல், ஊசி குத்திய உடையில், வெள்ளைக் கோடுகளோடு போனாள். “எங்கக்கா ஃபேஷன் ஷோவா?” என்று கேட்ட காஜாக்காரி அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். வாட்ச்மேன் எழுந்து நின்றார். அவள் தெருவுக்கு வந்துவிட்டாள்.

மாஸ்டர் பின்னால் வந்தார். கழுத்தில் டேப், கையில் ஊசித் தட்டு. அவருக்கு ஓடி வழக்கமில்லை.

“நில்லும்மா!”

“நிக்க முடியல மாஸ்டர். நிக்கறதுக்குத்தானே வெச்சிருக்கீங்க, நிக்க முடியல.”

“சரி, நிக்காத. நட. எங்கயும் உக்காந்து மட்டும் தொலைக்காத, உடம்பு பூரா ஊசி.”

அவர் பக்கத்தில் நடந்துகொண்டே ஓர் ஊசியை உருவினார். அவள் விலகவில்லை. இன்னொன்றை உருவினார். மருந்துக்கடை, சைக்கிள் கடை, மூடிக் கிடந்த வங்கி என்று கடந்து போனார்கள். ஆட்கள் நின்று பார்த்தார்கள். சைக்கிள் கடைக்காரர் மாஸ்டருக்குத் தெரிந்தவர். “என்ன மாஸ்டர், ஓட ஓடத் தைக்கறீங்களா?” என்றார்.

“தைக்கல. பிரிக்கறேன். வேலையப் பாருய்யா.”

முதுகு ஊசிகளுக்காக ஓரடி பின்தங்கினார். அங்கிருந்தே கேட்டார்.

“மாத்திரைய விட்டுட்டியா?”

கொஞ்ச தூரம் போன பிறகு, “ஜிப் ஏறிச்சுல்ல மாஸ்டர்?” என்றாள்.

“ஏறிச்சு.”

“நெசமா ஏறிச்சுல்ல?”

“ஏறிச்சும்மா. நான்தானே ஏத்தினேன். உங்க அக்கா நம்பரச் சொல்லு.”

அவள் சொன்னாள். நடந்துகொண்டே, தப்பில்லாமல் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாள். அக்கா கொண்டுவந்த சால்வை தோளில் கிடந்தது. டாக்டர் அவளை உட்காரச் சொல்லவில்லை. நடக்கிறவளிடமே கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு எடை பார்க்கும் மெஷினில் ஏறச் சொன்னார். ஏறி, அது நிலைப்பதற்குள் இறங்கிவிட்டாள். மறுபடி ஏறினாள்.

“இந்த மாத்திரை பசியைக் கிளப்பும், எடையைக் கூட்டும். நீங்க சோம்பேறியா இருந்ததால ஏறல” என்றார் டாக்டர்.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?” என்றாள் அக்கா. “நான் தினமும் சாப்பிடு சாப்பிடுன்னு ஊட்டிக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஏன்டி இப்படித் திங்கறன்னும் திட்டினேன். ரெண்டையும் இதே வாயால.”

“சொல்லியிருக்கணும். தொடங்கும்போதே எடை, இடுப்பு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்து வெச்சிருக்கணும். இவங்க அமைதியானா போதும்னு இருந்துட்டோம். அப்புறமாவது பார்த்திருக்கணும். பார்க்கல.”

அக்கா சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பையை மூடித் திறந்தாள்.

டாக்டர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினதால்தான் தூக்கம் போயிற்று, கால் பறக்கிறது, பழைய சத்தமும் திரும்புகிறது. இன்றைக்கே மறுபடி தொடங்க வேண்டும். நிலைப்பட்டதும், எடையை அவ்வளவாக ஏற்றாத வேறு மாத்திரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கலாம். சர்க்கரைக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று சிலருக்கு எடையைப் பிடித்து நிறுத்துகிறது. ரத்தம் பார்த்துவிட்டு அதையும் யோசிக்கலாம். பட்டினி கிடக்கக் கூடாது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், இனிப்பாகக் குடிப்பதை விட வேண்டும், நடையை விட வேண்டாம். இனி ஒவ்வொரு தடவையும் இங்கேயே அளப்போம்.

“எப்போ குறையும்?”

“முதல்ல ஏறறத நிறுத்தணும். குறையறது மெதுவாத்தான். சிலருக்குக் கொஞ்சம்தான் குறையும்.”

“அடுத்த சாம்பிளுக்குள்ள?”

டாக்டருக்குப் புரியவில்லை. அக்கா விளக்கினாள்.

“இல்லம்மா. அதுக்குள்ள ஆகாது.”

அவள் ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். “போட்டா ஆடாம நிக்க முடியுமா?”

“முடியும். மாத்திரையாலயே கால் பரபரன்னு வந்தாலும் உடனே சொல்லுங்க. அதுக்கும் வழி இருக்கு.”

“போட்டா நிக்கலாம். ஆனா நிக்க விடமாட்டாங்க. போடலன்னா நிக்க விடுவாங்க. நிக்கத்தான் முடியாது.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

“பெரிய அளவுக்கு நில்லேன்டி. அதுக்கும் ஆள் வேணும்தானே?” என்றாள் அக்கா.

“அதுக்கு ஆள் கிடையாதுக்கா. மீடியத்துல இருந்து கணக்குப் போட்டுத் தாள்ல வரைஞ்சுடுவாங்க.”

“அது என்ன கணக்கு, ஆளே இல்லாம?”

“அவங்க கணக்கு.”

மறுபடி ஒருமுறை கதவுவரை போனாள். கதவுக்கு வெளியே ஏதோ பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். திரும்பி வந்து டாக்டரின் மேஜைமேல் கையை நீட்டினாள்.

“இப்பவே கொடுங்க.”

நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணத்தில் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். அவள் விழுங்கினாள். யாரும் கேட்காமலே அக்காவின் பக்கம் திரும்பி வாயைத் திறந்து காட்டினாள். நாக்கைத் தூக்கியும் காட்டினாள். அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது.

“வாஷ்பேசின்லயா துப்பின?”

“ம்.”

“அதான் அந்த வாஷ்பேசின் இத்தனை நாளா சாந்தமா இருந்துச்சு” என்றாள் அக்கா. சொல்லி முடிப்பதற்குள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். வரும் வழியில் பன் வாங்கிச் சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்து படுத்தாள், தூங்கினாள், எழுந்தாள், மறுபடி தூங்கினாள். மத்தியானம் மாஸ்டர் போன் செய்தார். பேக்கிங்கில் இருக்கும் பெண்ணை நிற்கவைத்துச் சாம்பிளைப் பார்த்தார்களாம். அவளுக்குக் கை நீளம் கொஞ்சம் குறைவாம். இருந்தாலும் ஏஜென்ட் அம்மா சரி சொல்லிவிட்டாராம். உடம்பு தேறியதும் பிசிறு வெட்டும் இடத்துக்கு வரச் சொன்னார். அது உட்கார்ந்து செய்கிற வேலை. வருகிறேன் என்றாள். அந்தப் பெண் அசையாமல் நின்றாளா என்று கேட்டாள். நின்றாள் என்றார். சாயங்காலம் அக்காவோடு தெருமுனைவரை நடந்துவிட்டு வந்தாள். கால்கள் இன்னும் அடங்கவில்லை. ராத்திரி சாப்பிட்டாள். மாத்திரை போட்டுக்கொண்டாள். பிறகு பசித்தது.